கோடு ஏன் தடிக்கிறது?

“பிளவை இன்னும் சுருக்கினா கோடு இன்னும் மெல்லிசா வருமா மாமா?” என்று கேட்டான் மருமகன். உயர்தரப் பௌதிகவியலில் அந்த வாரம் திருசியமானிச் செய்முறை நடந்திருக்கிறது. மாளிகாவத்தைத் தொடர்மாடிக்குக் கீழே உள்ள கடையில் இரண்டு இஞ்சி பிளேன்டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

வரும் என்றேன். பிளவைச் சுருக்கச் சுருக்கக் கோடு கூர்மையாகும். கூடவே வெளிச்சமும் குறையும். ஓர் அளவுக்கு மேல் போனால் கோடு அங்கே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அதற்கு மருந்து சுலபம்: விளக்கைப் பிரகாசமாக்கலாம், அறையை இருட்டாக்கலாம். இதே கேள்வி நியூத்திரன்களை வைத்துப் பளிங்குகளை ஆராய்கிறவர்களிடம் போனால் அத்தனை சுலபமில்லை. அவர்களுடைய விளக்கு ஓர் அணு உலை. அதைப் பிரகாசமாக்கு என்றால் ஒரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் கேட்க வேண்டும். ஆகவே அவர்கள் வேறு வழிகளை யோசித்தார்கள். அந்த யோசனைகளில் சிலதை அவனுக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

“எக்ஸ்கதிர் இருக்கே, பிறகு என்னத்துக்கு நியூத்திரன்?” நியாயமான கேள்வி. எக்ஸ்கதிர் அணுவைச் சுற்றியுள்ள இலத்திரன்களைத்தான் பார்க்கும். ஒரேயொரு இலத்திரன் உள்ள ஐதரசன், பாரமான அணுக்களுக்குப் பக்கத்தில் எக்ஸ்கதிருக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. நியூத்திரன் கருவையே தொட்டுத் திரும்புகிறது. அதனால் ஐதரசன் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும். சென்னையில் 1936இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1962இல் பம்பாய் ட்ரொம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ஆர். சிதம்பரம் இந்த வழியில்தான் பளிங்குகளுக்குள் இருக்கும் ஐதரசன் பிணைப்புகளை ஆராய்ந்தார். அமினோ அமிலப் பளிங்குகளில் ஐதரசன் அணுக்களின் இடத்தைக் குறித்த வேலை அவருடைய குழுவுக்குப் பெயர் தேடித் தந்தது. பின்னாளில் இந்திய அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராகப் பலர் அவரை அறிவார்கள். என் மதிப்பில் அந்த ஐதரசன் வேலை அதற்கு இளைத்ததில்லை. அவர் 2025 ஜனவரியில் காலமானார்.

நியூத்திரனுக்கு இன்னொரு குணமும் உண்டு. உலைக்குள் அறை வெப்பநிலைக்கு ஆறிய நியூத்திரன் செக்கனுக்கு ஏறத்தாழ 2200 மீற்றர் வேகத்தில் போகும். அதன் அலைநீளம் 1.8 அங்ஸ்திரம். பளிங்கில் அணுக்களுக்கு இடையிலான தூரமும் அதே அளவுதான். அதன் சக்தி 25 மில்லி இலத்திரன்வோல்ற்று. பளிங்கில் அணுக்கள் அதிரும் சக்தியும் அந்த அளவில்தான் வரும். தூரத்தையும் அதிர்வையும் ஒரே கருவியால் அளக்கலாம் என்பது இதனால்தான்.

பளிங்கை எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு எங்கள் முன்னால் நின்ற தொடர்மாடியையே காட்டினேன். மாடிக்கு மாடி ஒரே உயரம். பளிங்குக்குள்ளும் அணுத்தளங்கள் அப்படி ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அலை ஒவ்வொரு தளத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தெறிக்கும். அடுத்தடுத்த தளங்களில் தெறித்த அலைகள் ஒத்து வந்து சேரும் கோணத்தில் மட்டும் உணரியில் பளிச்சென்று ஒரு கோடு விழும். தளங்களின் இடைவெளியை இரண்டால் பெருக்கி, கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளம். பிராக் விதி. அவன் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். அலைநீளம் தெரிந்து, கோணத்தை அளந்தால் இடைவெளி கைக்கு வரும்.

கோடு தடித்தால் என்ன குறைந்துவிடும்? போனைக் கழற்றினால் உள்ளே அரிசியைவிடச் சின்னதாகக் கொள்ளளவிகள் ஒட்டப்பட்டிருக்கும். பலவற்றுக்குள் இருப்பது பேரியம் தைத்தனேற்று. 120 பாகைச் செல்சியசுக்கு மேலே அதன் பளிங்கு அலகு சரியான கனசதுரம். அறை வெப்பநிலைக்கு ஆறினால் ஒரு பக்கம் மற்றவற்றைவிட ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். அந்தச் சின்ன நீட்சியோடு சேர்ந்துதான் அதன் மின் குணமும் பிறக்கிறது. கனசதுரத்தில் ஒன்றாக இருந்த கோடு இப்போது இரண்டாகப் பிரிய வேண்டும். பிராக் கோணம் 20 பாகை என்றால் உணரியில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் 0.4 பாகை வரும். கருவி 0.3 பாகைக்கு மங்கலாக்கினால்கூட இரண்டு தலை தெரியும். வேறொரு பளிங்கில் நீட்சி ஆயிரத்தில் ஒன்றுதான் என்று வையுங்கள். இடைவெளி 0.04 பாகை. அதே கருவியில் ஒரு தடித்த கோடு மட்டும் தெரியும். பளிங்கு உருமாறவேயில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். அப்படித் தப்பாக எழுதப்படாமல் இருக்கத்தான் கோடுகளைப் பிரித்துக் காட்டும் பிரிவலுவுக்கு இத்தனை பாடு.

முதல் வேலை, மங்கல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. இரண்டு இடங்கள். ஒன்று, கதிரில் உள்ள நியூத்திரன்கள் எல்லாம் ஒரே திசையில் வருவதில்லை. மற்றது, எல்லாவற்றுக்கும் ஒரே அலைநீளம் இல்லை.

திசைக்கு மருந்து நேர்வரிசையாக்கி. திருசியமானியில் வில்லையும் பிளவும் செய்யும் வேலையை இங்கே மெல்லிய தகடுகள் செய்கின்றன. தகடுகளை இணையாக அடுக்கி, மேலே கட்மியம் அல்லது கடோலினியம் பூசுவார்கள். இரண்டும் நியூத்திரனை விழுங்குகிறவை. தகடுகளுக்கு இடையே ஒரு மில்லிமீற்றர், நீளம் 34 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒன்றை 340ஆல் வகுத்தால் வரும் ஆரையன் ஏறத்தாழ 10 கலை, அதாவது பாகையில் ஆறில் ஒரு பங்கு. அதைவிடச் சாய்வாக வருகிற நியூத்திரன் தகட்டில் மோதிக் காணாமல் போகும். எக்ஸ்கதிருக்காக 1924இல் சொல்லர் செய்த அமைப்பு இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

இங்கேதான் விலை தெரிகிறது. ட்ரொம்பேயின் துருவா உலை 1985 ஓகஸ்ட் 8ஆம் திகதி இயங்கத் தொடங்கியது, 100 மெகாவாட். அதன் உள்ளே அதிகபட்சமாக ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1.8 கோடி கோடி நியூத்திரன்கள். கோடி கோடி என்பது எழுத்துப்பிழை இல்லை, கோடியைக் கோடியால் பெருக்கிய எண். சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, நேர்வரிசையாக்கி, ஒரு அலைநீளத்தை மட்டும் தெரிந்து எடுத்துப் பளிங்கில் விழவைக்கும்போது இப்படிப்பட்ட உலைகளில் மிஞ்சுவது செக்கனுக்குப் பத்து இலட்சம் அளவில்தான். ஆமர்வீதியில் வாங்குகிற ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர்ச் சுட்டி செக்கனுக்கு 30 கோடி கோடிக்கு மேல் போட்டன்களைத் தள்ளுகிறது. ஒரு விளையாட்டுச் சாமானை விட எத்தனையோ மடங்கு ஏழையான கதிர் இது. அந்த ஏழ்மையில் இன்னும் பாதியை வெட்டு என்றால் கை நடுங்காதா? அதிர்வுகளை அளக்கும், பின்னால் நான் விவரிக்கப்போகும் மூவச்சுக் கருவியில் நான்கு இடத்தில் நேர்வரிசையாக்கி இருக்கும். நான்கையும் பாதியாகச் சுருக்கினால் எண்ணிக்கை பதினாறில் ஒன்றுக்கு இறங்கும். மூன்று மணித்தியாலத்தில் முடிந்த அளவீடு அதே துல்லியத்தோடு வர இரண்டு முழு நாள் வேண்டும்.

அலைநீளத்தைத் தெரிந்தெடுப்பது இன்னொரு பளிங்கின் வேலை. உலையிலிருந்து வரும் எல்லா அலைநீளங்களும் அதன்மேல் விழும். பிராக் விதிப்படி குறிப்பிட்ட கோணத்தில் ஒன்று மட்டும் தெறிக்கும். குறையில்லாத பளிங்குதான் இதற்கு நல்லது என்று தோன்றும். மருமகனும் அப்படித்தான் சொன்னான். குறையே இல்லாத சிலிக்கன் பளிங்கு சில விகலைகளுக்குள் வரும் கதிரை மட்டும் தெறிக்கச் செய்யும். கூர்மை அபாரம், கையில் மிஞ்சுவது அற்பம். ஆகவே நல்ல பளிங்கை வேண்டுமென்றே கெடுக்கிறார்கள். ஜேர்மானியத்தைச் சூடாக்கி அமுக்கி நசுக்குகிறார்கள். செம்பையும் அப்படியே. உள்ளே சின்னச் சின்னத் துண்டங்கள் ஒன்றுக்கொன்று மிகச் சிறிதாகச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வின் பரப்பு கால் பாகை, அரைப் பாகை என்று வேண்டிய அளவுக்கு வரும்வரை நசுக்குவார்கள். நேர்வரிசையாக்கிகள் விடும் மங்கலுக்குப் பொருத்தமான குறை இருந்தால்தான் கதிர் வீணாகாது. ஒரு இடத்தை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் கூர்மையாக்கினால் மொத்தக் கோடு மெலிவதில்லை, நியூத்திரன்தான் போகும். நான் இந்தத் துறையில் படித்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

காரீயமும் இந்த வேலைக்கு உதவும். போகலையிலும் கஹட்டகஹவிலும் நாம் வெட்டி எடுப்பது உலகத்தில் அரிய, தூய்மையான நரம்புக் காரீயம். ஆனாலும் கையளவு தகடு முழுவதும் எல்லா அடுக்குகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பதால், ஐதரோகாபன் வாயுவை மிகுந்த சூட்டில் உடைத்துச் செயற்கையாகத்தான் வளர்க்கிறார்கள். அடுக்குகளின் இடைவெளி 3.35 அங்ஸ்திரம். ட்ரொம்பேயிலிருந்து பிரான்சின் கிரெனோபிள் வரை இந்தத் தகடு இல்லாத நியூத்திரன் கூடத்தைக் காண்பது அரிது.

வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லையா? இருக்கிறது. கோணத்தைக் கூட்டலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு 20 பாகையில் 0.04 பாகை இடைவெளி என்றேன். அதே கணக்கை 60 பாகையில் போட்டால் 0.2 பாகை. ஐந்து மடங்கு. கருவியைத் தொடவில்லை, நியூத்திரனை வெட்டவில்லை. கதிரைக் கிட்டத்தட்ட வந்த வழியே திருப்பி அனுப்புகிற கோணத்துக்குப் போனால், திசை மங்கலின் பாதிப்பு பூச்சியத்தை நெருங்கும். முனிச்சில் மையர்-லைப்னிட்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். சிலிக்கனில் நேர் பின்னால் தெறிக்கும் நியூத்திரனின் அலைநீளம் 6.27 அங்ஸ்திரம், சக்தி 2.08 மில்லி இலத்திரன்வோல்ற்று. இதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கை, ஒரு மைக்ரோ இலத்திரன்வோல்ற்றை, இன்றைய பின்சிதறல் கருவிகள் பிரித்துக் காட்டுகின்றன.

“அப்ப எல்லாத்தையும் பெரிய கோணத்திலேயே அளக்கலாமே?” அலைநீளப் பரப்பு இடையில் நிற்கிறது. கோணம் கூடினால் அதனால் வரும் மங்கலும் கூடும். 1958இல் இத்தாலியில் காலியொத்தி, பவொலெத்தி, ரிச்சி மூவரும் இந்த இழுபறியைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். அலைநீளத்தைத் தெரிந்தெடுக்கும் பளிங்கு கதிரை இடப்பக்கம் வளைத்தால், ஆராயும் பளிங்கு வலப்பக்கம் வளைக்க வேண்டும். சற்று நீண்ட அலை முதல் பளிங்கில் சற்றுக் கூட வளைந்திருக்கும். இரண்டாவதில் எதிர்ப்பக்கம் கூட வளைந்து கணக்கை நேர்செய்துவிடும். இரண்டு கோணங்களும் சமனாகும் இடத்தில் கோடு மிகவும் மெல்லியது. அப்படியானால் முதல் பளிங்கையே பெரிய கோணத்தில் வைத்துவிடு, கூர்மையான இடம் தானே பெரிய கோணத்துக்கு நகரும். கிரெனோபிளில் டி2பி என்ற கருவியில் அது 135 பாகை வளைக்கிறது. காகிதத்தில் போட்ட ஒரு கணக்கு, கூடத்தில் இயந்திரங்களை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று தீர்மானித்தது.

அதே 1958இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1931இல் பிறந்த பி.கே. ஐயங்கார், 1956இல் கனடாவின் சோக் ரிவருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பெர்ட்ராம் புரொக்ஹவுஸ் மூவச்சு நிறமாலைமானியை உருவாக்கியிருந்தார். முதல் அச்சில் உள்ள பளிங்கு உள்ளே போகும் நியூத்திரனின் சக்தியைத் தெரிந்தெடுக்கும். இரண்டாவது அச்சில் ஆராய வேண்டிய பளிங்கு. மூன்றாவது அச்சில் உள்ளது வெளியே வந்த நியூத்திரனின் சக்தியை அளக்கும். இரண்டு சக்திகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பளிங்கின் அதிர்வு வாங்கியிருக்கும் அல்லது கொடுத்திருக்கும். இருவரும் சேர்ந்து ஜேர்மானியத்தில் முக்கியமான சில திசைகளில் அதிர்வலைகளின் அதிர்வெண்களை அளந்து ‘பிசிக்கல் ரிவியூ’வில் எழுதினார்கள். அணுக்களை வெறும் வில்லால் கட்டிய குண்டுகளாக எடுத்த கணக்குகள் அந்த எண்களோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டே கொக்ரன் என்பவர், கருவைச் சுற்றியுள்ள இலத்திரன் ஓடு கருவிலிருந்து கொஞ்சம் விலகி ஆடும் என்று எடுத்து அவற்றை விளக்கினார். அளவீடு மங்கலாக இருந்திருந்தால் பழைய கணக்கும் சரி, புதியதும் சரி என்றே போயிருக்கும். 1994இல் புரொக்ஹவுசுக்கும் அமெரிக்காவின் கிளிபர்ட் ஷல்லுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஐயங்கார் திரும்பி வந்து ட்ரொம்பேயில் ஒரு பரம்பரையையே உருவாக்கினார். 1956இல் இயங்கிய அப்சரா, 1960இல் கனடாவின் உதவியோடு வந்த சைரஸ் ஆகிய உலைகளைச் சுற்றி நிறமாலைமானிகளை உள்ளூரிலேயே கட்டினார்கள். அந்தக் குழுவில் வேலை செய்த ஜி. வெங்கட்ராமன் பின்னர் இருவரோடு சேர்ந்து எழுதிய ‘டைனமிக்ஸ் ஒப் பெர்பெக்ட் கிரிஸ்டல்ஸ்’ 1975இல் எம்.ஐ.ரி. வெளியீடாக வந்தது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஏற்பாட்டில், 1960களில் ட்ரொம்பேயில் செய்த ஒரு நிறமாலைமானி பிலிப்பைன்சின் உலைக்குப் போய் அங்குள்ளவர்களைப் பயிற்றியது. அந்த முகவரகத்தில் இலங்கை 1957 முதல் அங்கத்துவ நாடு. நமது அணுசக்திச் சபை இங்கிருந்து எட்டும் தூரத்தில் ஒருகொடவத்தையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சி உலை மட்டும் நமக்கு வாய்க்கவில்லை. பிலிப்பைன்சின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் வரும், மறைக்கவில்லை.

கதிர் ஏழையாக இருக்கும் இடத்தில் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பெரிலியம் வடிகட்டி நல்ல உதாரணம். துருவாவிலும் பெரிலியம் வடிகட்டி வைத்த கருவி உண்டு. திரவ நைதரசனால் குளிராக்கிய பெரிலியக் கட்டி 5.2 மில்லி இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழ்ப்பட்ட நியூத்திரனை விட்டுவிடும், மேற்பட்டதைப் பக்கவாட்டில் சிதறடித்துவிடும். மூன்றாவது பளிங்குக்குப் பதிலாக அதை வைத்தால் பரந்த வாயில் கிடைக்கும், எண்ணிக்கை ஏராளம். ஆனால் பூச்சியம் முதல் 5.2 வரை எல்லாம் கலந்து வருவதால் கோடு தடிப்பு. பெரிலியம் ஒட்சைட்டின் எல்லை 3.7. முதலில் பெரிலியத்தால் எண்ணு, பிறகு ஒட்சைட்டால் எண்ணு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழி. மிஞ்சுவது 3.7க்கும் 5.2க்கும் இடையிலுள்ளவை மட்டும். ஒரு சன்னலைக் கழித்தலால் உண்டாக்கியாயிற்று. இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது வழு கூடும் என்பதை மறக்கக்கூடாது. எண்ணிக்கை ஏராளமாக இருப்பதால் தாங்கும்.

துடிப்புத் துடிப்பாக நியூத்திரன் தரும் இடங்களில் கடிகாரமே போதும்: வந்து சேர எடுத்த நேரமே அலைநீளத்தைச் சொல்லிவிடும். இங்கிலாந்தின் ஐசிஸ் நிலையத்தில் உள்ள எச்.ஆர்.பி.டி. கருவிக்கும் மூலத்துக்கும் இடையே ஏறத்தாழ 100 மீற்றர். 1.8 அங்ஸ்திர நியூத்திரன் அதைக் கடக்க 45 மில்லிசெக்கன். புறப்படும் நேரத்தில் உள்ள சிறு தடுமாற்றம் அந்த நீண்ட பயணத்தில் பெரிதாகத் தெரியாது. பத்தாயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசத்தையே அது பிரிக்கும்.

இவ்வளவும் செய்தும் தூளாக்கிய மாதிரிகளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நெதர்லாந்தின் பெற்றனில் ஹியூகோ ரீட்வெல்ட் 1969இல் முழுமையாக வெளியிட்ட வழி எல்லோரையும் காப்பாற்றியது. ஏறிக்கிடக்கும் கோடுகளைப் பிய்த்தெடுக்க மெனக்கெடாதே. பளிங்கின் அமைப்பை ஊகித்து, கருவி எவ்வளவு மங்கலாக்கும் என்பதையும் சேர்த்து, முழு வரைபையும் கணித்து, அளந்ததோடு புள்ளிக்குப் புள்ளி பொருத்து. கருவியின் மங்கல் சரியாகத் தெரிந்திருந்தால் அதற்குக் கீழே ஒளிந்திருப்பதையும் ஓரளவு மீட்கலாம்.

அதனால்தான் கதிர்நேரம் கிடைத்த முதல் நாள் யாரும் தங்கள் பளிங்கைத் தொடுவதில்லை. அதிர்வை அளக்கிறவர்கள் ஒரு வனேடியத் துண்டை வைப்பார்கள். வனேடியம் நியூத்திரனை எல்லாப் பக்கமும் ஒரேமாதிரிச் சிதறடிக்கும், அதில் பிராக் கோடு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அதில் காணும் தடிப்பு முழுக்கக் கருவியுடையது. கோணத்தை அளக்கிறவர்கள் இலந்தனம் எக்சாபோரைட்டு வைப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: சாதாரண போரன் நியூத்திரனை விழுங்கும் என்பதால் போரன்-11 சமதானியால் செய்ததைத்தான் தேடி வாங்குவார்கள்.

மருமகனுக்குக் கணக்கொன்று கொடுத்தேன். மணி வடிவக் கோடுகளில் தடிப்புகள் வர்க்கமாகக் கூடும். வனேடியத்தில் தடிப்பு 1, உன் பளிங்கில் 1.25. பளிங்குக்கே உரிய தடிப்பு எவ்வளவு? விரலால் மேசையில் எழுதி 0.75 என்றான். சரி, பளிங்கில் 1.02 என்று வந்தால்? 0.2. வனேடியத்தை அளந்ததில் நூற்றில் ஒன்று பிசகி, உண்மையில் அது 1.01 என்றால்? கொஞ்சம் யோசித்து 0.14 என்றான். நூற்றில் ஒரு பிசகு விடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விட்டது. முதல் பளிங்குக்கு இருக்கிற கருவியே போதும், கழித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் நேர்வரிசையாக்கியை மாற்றி, பதினாறு மடங்கு நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.